வேன் கூரையில் 20 அடிக் குழாய்: எத்தனை கயிறு போட்டால் நழுவாது?

03.06.2024, காலை 7.40 – ஈகோக்காரர்

வண்டி மாருதி ஈகோ கார்கோ வேன். மேலே பட்டறையில் அடிச்ச கேரியர், 25 மி.மீ. சதுரக் குழாய், குறுக்குக் கம்பி ரெண்டு. ஏத்துறது 1 இஞ்ச் மீடியம் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) 20 அடி நாலு, சில நாள் பிவிசி. மேலே ரெண்டு நைலான் கயிறு, பின்னாடி சிவப்புத் துணி. பிரேக் அடிச்சா குழாய் அரை அடி முன்னால வந்துடுது. மூணு கயிறு போடணுமா, நாலா?

03.06.2024, இரவு 9.15 – பைப்பு ரெஞ்சு

கணக்கே போட்டுடலாம். சரக்குக் கட்டுறதுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12195-1, பிரேக்கில் முன்பக்கம் தள்ளுற விசையைச் சரக்கு எடையில் 0.8 மடங்குன்னு வைக்குது. பின்பக்கமும் பக்கவாட்டும் 0.5 மடங்கு.

குழாய் ஒண்ணு 12 கிலோ, நாலு 48. முன்னால தள்ளுற விசை 38 கிலோ. பெயின்ட் அடிச்ச கம்பி மேல எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கிற ஜிஐக்கு உராய்வு 0.2, அதாவது அழுத்துற எடையில அஞ்சுல ஒரு பங்கு, வச்சுக்கலாம். குழாயோட சொந்த எடை 10 கிலோவைத் தாங்கும். மீதி 28 கிலோவை நிறுத்தணும்னா கயிறு எல்லாம் சேர்ந்து 140 கிலோ கீழே அழுத்தணும். கையால இழுத்துக் கட்டின கயிறு பக்கத்துக்கு 20 கிலோ இறுக்கத்தில நின்னாலே நல்ல கட்டு, அதாவது ஒரு கயிறுக்கு 40. ஆக நாலு கயிறு.

ஆனா இது காகிதக் கணக்கு. கயிறு மேலிருந்து கீழே அழுத்துது, குழாய் ஓடுறது நீளவாக்கில. சும்மா கிடக்கிற திசையிலேயே பூட்டு போட்டுக்கிட்டிருக்கோம், ஓடுற திசையில கதவு திறந்தே கிடக்கு.

03.06.2024, இரவு 9.50 – பைப்பு ரெஞ்சு

மேலே தப்பு. 12 கிலோன்னு எழுதினது சுவர் மெலிசான லைட் கிளாஸ் எடை. 1 இஞ்ச் மீடியம் மீட்டருக்கு 2.4 கிலோவுக்கு மேல, 6 மீட்டருக்கு 14.5 கிலோவைத் தொடும். நாலு குழாய் 58 கிலோ. திரும்பப் போட்டா நாலு கயிறு போதாது, அஞ்சு.

கடையில மீடியம்னு வாங்கிட்டு வந்தது மீடியம்தானான்னு குழாய் மேல உள்ள வண்ணப் பட்டையைப் பாருங்க. இந்தியத் தரநிலை ஐஎஸ் 1239 படி மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. எடைக் கணக்குக்கும் அதேதான் சாட்சி.

04.06.2024, காலை 6.30 – ஈகோக்காரர்

அஞ்சு கயிறு கட்டி அவுக்கறதுக்குள்ள வேலையே முடிஞ்சிடும் அண்ணே.

04.06.2024, இரவு 8.05 – பைப்பு ரெஞ்சு

அதனாலதான் கயிறை எண்ணாதீங்கங்கறேன். கம்பிக்கு ரப்பர் போடுங்க. பழைய சைக்கிள் டியூபை வாங்கி, வால்வுப் பக்கத்தை வெட்டி எறிஞ்சுட்டு, குறுக்குக் கம்பியில உறை மாதிரி மாட்டணும். கம்பி முனை வெல்ட் ஆகியிருந்தா டியூபை நீளவாக்கில கிழிச்சுச் சுத்தி, ரெண்டு முனையிலும் கட்டுக்கம்பி. காய்ஞ்ச ரப்பர்ல உராய்வு 0.5 தாராளமா வரும். அதே 58 கிலோவுக்குக் குழாயோட எடையே 29 கிலோவைத் தாங்கும், மீதி 18-ஐ நிறுத்த 36 கிலோ அழுத்தம். ஒரே கயிறு! மழையில, சேத்துல உராய்வு இறங்கும், அதனால ரெண்டு. அஞ்சு ரெண்டாச்சு, செலவு பஞ்சர் கடையில கேட்டா சும்மாவே கிடைக்கிற டியூப்.

குழாய் ஒவ்வொண்ணும் ரப்பர்ல உட்கார்ந்தாத்தான் இந்தக் கணக்கு. ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தினா மேல் அடுக்கு மறுபடியும் இரும்பு மேல இரும்பு.

04.06.2024, இரவு 8.40 – போர்வெல் தம்பி

அப்ப ஒரே அடுக்காப் பரப்பிட்டா போதுமா?

04.06.2024, இரவு 9.30 – பைப்பு ரெஞ்சு

போதாது. நான்தான் பாதியில விட்டுட்டேன். தட்டையாப் பரப்பின குழாய் மேல கயிறை இழுத்தா ரெண்டு ஓரக் குழாய்தான் அழுந்தும். நடுவுல இருக்கறதைக் கயிறு தொட்டுக்கிட்டு இருக்குமே தவிர அழுத்தாது. கையால நடுக்குழாயைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க, உருவிக்கிட்டு வரும்.

ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, உருண்டைக் கட்டு. மூணு குழாய் அல்லது ஏழு குழாய். ஏழுன்னா நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு. எல்லாம் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும். கேரியர்ல கட்டுறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு குறுக்குக் கம்பிக்கும் நேரா கட்டை முழுசா ஒரு சுத்து சுத்தி இறுக்கி, அப்புறம்தான் கயிறு முனைகளைக் கம்பிக்கு இறக்கணும். அந்த முழுச் சுத்துதான் நடுக்குழாயைப் பிடிக்கும். மேலால போட்டு ரெண்டு பக்கம் இழுத்த கயிறு பிடிக்காது. நாலு குழாய்னா உருண்டை சரியா வராது, மூணு ஒரு கட்டு, மீதி ஒண்ணைத் தனியாக் கட்டுங்க.

இன்னொண்ணு, பிடிகம்பி. 25 மி.மீ. சதுரக் குழாயில கேரியர் அகலத்துக்கு ஒரு துண்டு, அடியில அதே டியூப் ரப்பர், ரெண்டு முனையிலும் 10 மி.மீ. போல்ட்டு. குழாய் வரிசை மேல வச்சு முடுக்கிட்டா எல்லாக் குழாயும் ஒரே மாதிரி அழுந்தும். ஒரே அளவுக் குழாய்க்குத்தான் இது சரி. அரை இஞ்சும் ஒரு இஞ்சும் கலந்து பரப்பினா சின்னது லூசா நிக்கும். நட்டு நைலாக்கா (உள்ளே நைலான் வளையம் உள்ளது) இருக்கட்டும். சாதா நட்டு அதிர்வில கழண்டுடும்.

தினம் ஏத்தி இறக்குற வண்டிக்குப் பிடிகம்பிதான் நல்லது.

05.06.2024, காலை 7.00 – பைப்பு ரெஞ்சு

சிவப்புத் துணியைப் பத்தி எழுத மறந்துட்டேன். துணி கட்டினா நீட்டிக்கலாம்கிற காலம் போயிடுச்சு. பின்னாடி ஒரு மீட்டர் வரை நீட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள்ல முன்னே இருந்த சலுகையை 2014-ல எடுத்துட்டாங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 194(1A) பிரிவுப்படி, முன்னால, பின்னால, பக்கவாட்டில, உயரத்தில அனுமதிச்ச எல்லையைத் தாண்டின சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். இறக்கி வைக்கிற கூலியும் நம்ம தலையிலதான்.

ஈகோவோட மொத்த நீளம் 3,675 மி.மீ. குழாய் 6,000. எப்படி வச்சாலும் 2.3 மீட்டர் வெளியே. டாடா ஏஸ்னாலும் மொத்தமே 3,800 மி.மீ.தான். தொட்டியில ஊன்றி கேபின் மேல சாய்ச்சு, முன் கண்ணாடிக்கு மேல ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டுப் போறது தினம் பார்க்கிற காட்சிதான், அதுவும் இதே பிரிவுதான். மோட்டார் பொருத்தின மூணு சக்கர மீன்பாடி வண்டியைக் காட்டி வாதாட வேண்டாம், அது தனி உலகம்.

05.06.2024, காலை 7.25 – ஈகோக்காரர்

அப்ப 20 அடி ஏத்தவே கூடாதுங்கறீங்க. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.

05.06.2024, இரவு 10.10 – பைப்பு ரெஞ்சு

சொல்லியிருக்கணும். கயிறுன்னு கேட்டதும் கயிறுக்குப் பின்னாலயே போயிட்டேன்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், குழாயே ஒத்துக்காது. சீரான எடை உள்ள நீளக் கம்பியை ரெண்டு இடத்தில தாங்கினா, முனையிலிருந்து நீளத்தில 22 சதவீதத்தில தாங்கறப்பத்தான் தொய்வு குறைவு. 6 மீட்டர் குழாய்க்கு முனையிலிருந்து 1.3 மீட்டர்; ரெண்டு தாங்கிக்கும் நடுவுல 3.4 மீட்டர் வேணும். அவ்வளவு நீளக் கூரை ஈகோவுக்கு எங்கே? தாங்கி 1.7 மீட்டர் இடைவெளியில நின்னா ரெண்டு பக்கமும் 2 மீட்டருக்கு மேல தொங்கும், ஒவ்வொரு வேகத்தடையிலும் சாட்டை மாதிரி ஆடும், கேரியர் கால் வெல்ட்டுல கீறல் விடும். கீறல் விழறது எப்பவும் முன் கால்லதான்னு நினைக்காதீங்க, பின்னாடி நீட்டியிருந்தா பின் கால்தான் முதல்ல போகும்.

3 மீட்டர் குழாய்க்கு அதே கணக்கு: முனையிலிருந்து 65 செ.மீ., தாங்கிக்கு நடுவே 1.7 மீட்டர். உங்க குறுக்குக் கம்பி அந்த இடைவெளியில இல்லேன்னா கழட்டி மாத்துங்க.

நிறைய சரக்கு 3 மீட்டர்லயே வருது. வெந்நீருக்குப் போடற சிபிவிசி 3, 5 மீட்டர். கழிவுநீர், மழைநீருக்கான எஸ்டபிள்யூஆர் பிவிசி 3 மீட்டர் கேட்டு வாங்கலாம். வயரிங் கான்டூட் 3 மீட்டர்தான். ஜிஐயும் விவசாயக் குழாயும்தான் 6 மீட்டர் தகராறு. ஜிஐயை நட்ட நடுவுல வெட்டி சாக்கெட் போடாதீங்க, சும்மா ஒரு கசிவு இடம் கூடும். வேலை இடத்து அளவைக் கையில வச்சுக்கிட்டு, எல்போ, டீ வர்ற இடத்தில வெட்டி, கடையிலேயே திரெட் போட்டு வாங்குங்க. 6 மீட்டரை 2.4, 2.4, 1.2-ன்னு வெட்டினா எந்தத் துண்டும் வண்டியைத் தாண்டாது. முழுசாத்தான் வேணும்னா 20 அடி தொட்டி உள்ள லாரியில அனுப்பச் சொல்லுங்க. வாடகை வலிக்கும்; 20,000 அதைவிட வலிக்கும்.

06.06.2024, இரவு 8.20 – ஏசி காயில்

4 இஞ்ச் குழாய்க்குள்ள சின்னக் குழாயைச் சொருகிக் கொண்டு போறாங்களே, இடமும் மிச்சம். அது பரவாயில்லையா?

06.06.2024, இரவு 8.55 – பைப்பு ரெஞ்சு

பரவாயில்லைன்னு நினைக்கிறதுலயே மோசமானது அதுதான். கயிறு வெளிக்குழாயைத்தான் பிடிக்குது. உள்ளே இருக்கிறது துப்பாக்கிக் குழல்ல தோட்டா. உள்ளே வைக்கணும்னா ரெண்டு முனையையும் அடைக்கணும். செல்லோ டேப் அடைப்பு இல்ல. வெளிக்குழாய்க்குள்ளேயே ஒரு கயிறை விட்டு, உள்குழாய்க் கட்டை ரெண்டு முனையிலும் சுத்தி, வெளியே கொண்டு வந்து கேரியர்ல கட்டலாம். அதைவிட நிரந்தரப் பெட்டி செய்யறது மேல்.

07.06.2024, இரவு 9.40 – பைப்பு ரெஞ்சு

பெட்டி செய்யற விதம் கேட்டு ரெண்டு பேர் தனியா எழுதியிருக்காங்க. இங்கேயே போடறேன்.

பெட்டின்னா கேரியர்ல மாட்டற, பூட்டுள்ள ஒரு பெரிய குழாய்தான். 160 மி.மீ. எஸ்டபிள்யூஆர் டைப் பி (சுவர் கனமான வகை), 3 மீட்டர் நீளம். வெறும் குழாயே 8 கிலோ வரும். 3 மீட்டர் சரக்கு உள்ளே போகணும்னா குழாய் 3.1 மீட்டராவது வேணும், 6 மீட்டரில வெட்டி எடுங்க. முன்பக்கம் நிரந்தர மூடி, பின்பக்கம் மரை போட்ட கிளீன் அவுட் மூடி, அதில கொண்டி வச்சுப் பூட்டு. கேரியர்ல யூ போல்ட்டு மூணு, ஒவ்வொண்ணுக்கும் அடியில டியூப் ரப்பர். அடிப்பக்கம் முனைக்கு ஒண்ணா 8 மி.மீ. ஓட்டை, தண்ணி வடிய. வெயில்ல பிவிசி நாளடைவில நொறுங்கும், அதனால வெளியே பெயின்ட். வெள்ளை அடிச்சா உள்ளே சூடும் குறையும்.

பெரும்பாலும் தப்பு நடக்கிறது முன் மூடியில. சால்வென்ட் போட்டு ஒட்டிட்டு அவ்வளவுதான்னு விட்டுடறாங்க. பிரேக்கில உள்ளே இருக்கிற குழாய் ஓடி வந்து அந்த மூடியைச் சுத்தியல் மாதிரி அடிக்கும். எவ்வளவு பலமாங்கறது எடையை மட்டும் பொறுத்ததில்ல, முன்னாடி எவ்வளவு காலி இடம் விட்டீங்கங்கறதையும் பொறுத்தது. 30 கிலோ சரக்கு, உராய்வு போக நொடிக்கு நொடி 6 மீட்டர் வேகம் கூடுதுன்னு வச்சுப் பாருங்க. முன்னால ஒரு மீட்டர் காலி இருந்தா மூடியில மோதும்போது வேகம் நொடிக்கு 3.5 மீட்டர், அடி 180 ஜூல். 10 செ.மீ. மட்டும் காலின்னா 18 ஜூல். பத்துல ஒண்ணு.

அதனால ஏத்தும்போதே குழாயை முன் மூடி தொடும்வரை தள்ளிடணும். 2 மீட்டர் துண்டு ஏத்தினா பின்னாடி இருக்கிற காலி இடத்தில ஒரு மீட்டர் மரக்கட்டையோ மூட்டையோ வச்சு அடைங்க, இல்லேன்னா மேட்டில பின்னால போய் அடுத்த பிரேக்கில ஓடி வரும். மூடிக்கு வெளியே 5 மி.மீ. இரும்புத் தகடு, அதைக் கேரியர் சட்டத்தோடவே வெல்ட் பண்ணிடுங்க. விசை மூடிக்கோ ஒட்டுக்கோ போகாம நேரா சட்டத்துக்குப் போகும். மூடிக்கு உள்ளே பழைய ரப்பர் செருப்பு ரெண்டு வெட்டிப் போட்டா சத்தமும் குறையும், திரெட்டும் மழுங்காது.

08.06.2024, காலை 6.15 – பைப்பு ரெஞ்சு

பெட்டியில போகாத 4 இஞ்சுக் குழாய்க்கும் முன்னால நிறுத்தம் வேணும். அதுக்குக் கடிவாளம். 12 மி.மீ. பிளைவுட்டில குழாய் வரிசை அகலத்துக்கு ஒரு பலகை, நாலு மூலையிலும் ஓட்டை. குழாய்களோட முன் முனையில பலகையைச் சாத்தி, ஓட்டை வழியாக் கயிறை விட்டு, ரெண்டு பக்கமும் பின்னோக்கி இழுத்துக் கேரியரோட பின் காலில கட்டணும். பலகை இல்லாம வெறும் கயிறை முன்னால போட்டா உருண்டைக் குழாய்ல வழுக்கி அடியில இறங்கிடும். கேரியர்ல இடம் இருந்தா முன் கம்பியிலேயே நிமிர்ந்த தகடு வெல்ட் பண்ணிட்டா கடிவாளமே வேண்டாம்.

குழாய்ல சாக்கெட்டா அகலமா ஊதின முனையை ஒண்ணு முன்னால, அடுத்தது பின்னாலன்னு மாத்தி மாத்தி வைங்க. எல்லாத்தையும் ஒரே பக்கம் வச்சா அந்தப் பக்கம் தூக்கிக்கிட்டு, நடுவுல குழாய் கம்பியைத் தொடாது.

08.06.2024, பிற்பகல் 1.30 – போர்வெல் தம்பி

பல்சக்கரத்தால இறுக்கற ராட்செட் பெல்ட் வாங்கிட்டா இந்தக் கயிறு பஞ்சாயத்தே இல்லையே?

08.06.2024, இரவு 9.00 – பைப்பு ரெஞ்சு

ஜிஐக்கு ராட்செட்தான். 25 மி.மீ. பெல்ட் போதும்; 50 மி.மீ. லாரிக்கு. பிவிசிக்குப் போட்டா கை நிறுத்தத் தெரியணும். எஸ்டபிள்யூஆர் டைப் ஏ (சுவர் மெலிசான வகை) 110 மி.மீ. குழாய்ச் சுவர் 2 மி.மீ. சொச்சம்தான். ராட்செட்டை ஒரு பல் கூடுதலா ஏத்தினா குழாய் முட்டை வடிவமாகும். வெயில்ல ரெண்டு மணி நேரம் அப்படியே நின்னா முழுசாத் திரும்பாது, ரப்பர் ரிங் சரியா உட்காராது, வீட்டுக்காரர் வாடை வருதுன்னு கூப்பிடுவார். அதுக்குப் பிடிகம்பியோ அகலப் பட்டையோதான்.

கயிறுல மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வழுக்கும், முடிச்சு தானா இளகும், வெயில்ல தும்பாயிடும். நைலான் வலு உண்டு, ஆனா நனைஞ்சா நீளும். தேங்காய் நார்க் கயிறு நல்லாப் பிடிக்கும், மழைக்கு இறுகி வெயிலுக்குத் தளரும். எலாஸ்டிக் கொக்கியை டிபன் கேரியருக்கு வச்சுக்குங்க.

பெல்ட் காத்துல 'உய்ங்'னு பாடினா ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டுங்க, நின்னுடும். குழாய் வாயே ஊதினா டேப் ஒட்டுங்க, அதுக்கு மட்டும் டேப் சரி. 5 கிலோமீட்டர் ஓட்டினதும் ஒரு தடவை நிறுத்தி எல்லாத்தையும் திரும்ப இறுக்கணும். குழாய்கள் குலுங்கி அடங்கறப்ப எந்தக் கட்டும் தளரும்.

09.06.2024, காலை 10.20 – ஏசி காயில்

காப்பர் டியூபும் எச்டிபிஇ காயிலும் (சுருட்டி வர்ற பிளாஸ்டிக் குழாய்) மேல போடலாமா?

09.06.2024, பகல் 12.05 – பைப்பு ரெஞ்சு

காப்பர் காயிலை மேல போடவே வேண்டாம். ஒரு மடிப்பு விழுந்தா அந்த இடம் வெட்டி எறிய வேண்டியதுதான். வண்டிக்குள்ள படுக்கை வசத்தில, முனை ரெண்டும் மூடியோட.

எச்டிபிஇ காயில்ல ஓடறப்ப உள்ள ஆபத்தைவிட அவுக்கறப்ப உள்ளது பெரிசு. சுருட்டின குழாய் நிமிரத் துடிச்சுக்கிட்டே இருக்கு. கட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சில அறுத்தா வெளி முனை சாட்டை மாதிரி முகத்துக்கு வரும். வெளி முனையை முதல்ல கயிறு போட்டுப் பிடிச்சுக்கிட்டு, வெளிச்சுத்துக் கட்டை மட்டும் அறுத்து, வேண்டிய நீளம் எடுத்து, மறுபடி கட்டிட்டுத்தான் அடுத்தது. கூரை மேல ஏறி நின்னு அறுக்காதீங்க.

09.06.2024, இரவு 7.45 – பைப்பு ரெஞ்சு

கூரை மேல நிக்கறதுன்னதும் ஞாபகம் வந்தது. இதை மேலேயே எழுதியிருக்கணும்.

மின்சாரக் கம்பி. தாழ்வழுத்தக் கம்பி தெருவைக் கடக்கிற இடத்தில தரையிலிருந்து குறைஞ்சது 5.8 மீட்டர், தெரு நெடுக 5.5 மீட்டர் உயரம் இருக்கணும்கிறது மத்திய மின்சார ஆணைய விதி. தெரு இல்லாத இடத்தில, 11 கே.வி. வரையிலான வெற்றுக் கம்பிக்கு 4.6 மீட்டர். இது விதி சொல்ற உயரம், தொய்ஞ்ச கம்பி இன்னும் கீழே இருக்கும். 6 மீட்டர் ஜிஐயைத் தரையில நிமிர்த்தினாலே எட்டிடும். ஈகோ கூரை 1.8 மீட்டர், மேல நின்னு 3 மீட்டர் குழாயை நிமிர்த்தினா 4.8. தோட்டத்து வேலையில இது போதும் உயிர் போக.

இறக்கும்போது குழாய் படுத்தபடியே இருக்கணும். ஒரு ஆள் முன்னால, ஒரு ஆள் பின்னால, தரையில நின்னு. வண்டியை நிறுத்தினதும் முதல்ல மேலே பாருங்க, அப்புறம் கயிறை அவுங்க.

09.06.2024, இரவு 8.10 – போர்வெல் தம்பி

போர் குழாய் தூக்கறவங்களுக்கு இது பத்து தடவை பொருந்தும். கப்பி போட்டு நிமிர்த்தறப்ப குழாயும் கப்பிக் காலும் சேர்த்துக் கணக்குப் பார்க்கணும். மழை ஈரம்னா இன்னும் தள்ளி.

15.06.2024, இரவு 9.30 – ஈகோக்காரர்

மாத்தியாச்சு. குறுக்குக் கம்பி 1.7 மீட்டர் இடைவெளி, டியூப் ரப்பர், பிடிகம்பி ரெண்டு, முன்னால நிமிர்ந்த தகடு. 160 மி.மீ. பெட்டி இடப்பக்கம். ஜிஐ எல்லாம் கடையிலேயே வெட்டி வாங்கறேன். பெட்டியில முக்கால் இஞ்ச் சிபிவிசி 20 போட்டேன். இப்ப கூரையில மொத்தம் எவ்வளவு ஏத்தலாம்?

15.06.2024, இரவு 10.15 – பைப்பு ரெஞ்சு

முக்கால் இஞ்ச் எஸ்டிஆர் 11 (சுவர்க் கனத்தைக் குறிக்கிற எண்) சிபிவிசி, 3 மீட்டர் ஒண்ணு 600 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. இருபது 12 கிலோ. 110 மி.மீ. டைப் பி ஒண்ணு நாலரை கிலோ, ஆறு ஏத்தினா 27. பெட்டி 8. அதுவே 47 ஆச்சு, கேரியர் எடை இன்னும் சேரலை. கேரியரை அவுத்து எடை போட்டிருக்கீங்களா? பட்டறைக் கேரியர் 25 கிலோவுக்குக் குறையறது அபூர்வம். வண்டிக் கையேட்டில கூரைச் சுமை எவ்வளவுன்னு போட்டிருந்தா கேரியரும் அதுக்குள்ளதான். கனமான ஜிஐ துண்டுகள்ல உள்ளே அடங்கறதை மேல போடாம வண்டித் தரையில போடுங்க, வெட்டினதுக்கு அதுவும் ஒரு லாபம். உள்ளே போட்டாலும் முன் சீட்டுக்குப் பின்னால தடுப்பு இருக்கணும், அங்கேயும் அதே 0.8 மடங்குதான்.

பெட்டியை இடப்பக்கம் வச்சது சரி, ரோட்டோரம் நின்னு திறக்கலாம். அடியில தண்ணி ஓட்டை போட்டீங்களா?

16.06.2024, காலை 6.05 – ஈகோக்காரர்

போட்டேன். மேல்பக்கம். இன்னிக்கு பெட்டியைத் திருப்பி மாட்டறேன்.